அப்புறம் என்ன ஆச்சு என்று யாராவது சொல்லுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சண்டை போட எழுதவில்லை. உங்கள் நாளிதழில் அறிவியல் செய்தி வரும் பக்கத்தைத்தான் நான் முதலில் திருப்புவேன், அரசியலும் விளையாட்டும் அதற்கு அப்புறம்தான். அந்தப் பழக்கம் இழுத்துவிட்ட வினை இந்தக் கடிதம்.

என்னிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று ஏதாவது வந்தால் கத்தரித்து, பக்கத்தின் மேல் பாதியில் ஒட்டி, தேதி போட்டுவிட்டுக் கீழ்ப் பாதியைக் காலியாக விடுவேன். அந்தச் செய்தி பிறகு என்ன ஆனது என்று எழுதிக்கொள்ளத்தான் அந்த இடம். இப்படிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மேல் பாதிகளெல்லாம் பசை காய்ந்து பழுப்பேறி நிறைந்து கிடக்கின்றன, கீழ்ப் பாதிகளில் முக்கால்வாசி இன்னும் வெள்ளைத் தாள்தான். எழுதியிருக்கிற கொஞ்சமும் நானாகத் தேடிப் படித்துக் கிறுக்கியது, பத்திரிகையில் பார்த்து எழுதியது என்று விரல்விட்டு எண்ணக்கூட வராது.

ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 2011 செப்டம்பர். நியூட்ரினோ என்கிற துகள் ஒளியைவிட வேகமாகப் போகிறது, ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் அவ்வளவுதான் என்ற ரீதியில் பெரிய எழுத்தில் தலைப்பு. ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருக்கும் கருவிக்கு, சுமார் 730 கிலோமீட்டர், தரைக்குள்ளேயே போன நியூட்ரினோக்கள் ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்தைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டன என்று கணக்கு. 60 நானோ நொடி என்றால் ஒளி 18 மீட்டர் தாண்டும் நேரம். அந்தக் குழு அன்று சொன்னதைத் தேடிப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். ஐன்ஸ்டைனை வீழ்த்திவிட்டோம் என்று அவர்கள் மார்தட்டவே இல்லை. மாதக்கணக்கில் பார்த்தும் எங்கள் தப்பு எங்கே என்று எங்களுக்குப் பிடிபடவில்லை, வெளியில் இருப்பவர்களும் கொஞ்சம் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். உதவி கேட்டு வந்தவர்களை நாம் வெற்றி ஊர்வலம் போகிறவர்களாக அச்சடித்துவிட்டோம். தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று பத்திரிகை உலகில் ஒரு நம்பிக்கை இருக்கிறது போல.

சில மாதங்கள் கழித்து, 2012 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகச் செருகப்படவில்லை. அவ்வளவுதான். நம் வீட்டில் டிவி தெரியாவிட்டால் பின்னால் கையை விட்டு ஒயரை அழுத்திப் பார்ப்போமே, அதே கதை. கடிகாரத்தில் இன்னொரு சின்னக் கோளாறும் இருந்தது. இரண்டையும் சரிசெய்த பிறகு, அந்த ஜூனுக்குள் நியூட்ரினோ ஒழுங்காக ஒளிக்குள் அடங்கிவிட்டது. முதல் செய்தியைவிட இதுதானே சுவாரசியமான செய்தி! இத்தனை பெரிய கூடத்தில் அத்தனை பேர் ஒரு தளர்ந்த கேபிளை எப்படித் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்று அரைப் பக்கம் போட்டிருந்தால், அறிவியல் என்பது எப்படி நடக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் புரிந்திருக்கும். எங்கோ மூலையில் நாலு வரியாக வந்திருக்கலாம், வந்து நான் தவறவிட்டிருந்தால் மன்னியுங்கள்.

கேட்க வந்தது இதுதான்: ஆரம்பத்தைப் போட்ட இடத்திலேயே முடிவையும் போடுங்கள். முதல் பக்கத்தில் கொண்டாடியதை முதல் பக்கத்திலேயே திரும்பப் பெறுங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை, அது நடக்காது என்று தெரியும். அதே அறிவியல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வந்தால் போதும்.

இதை நான் அடம்பிடித்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முடிவைச் சொல்லாமல் விட்டால் அந்தச் செய்தி சாவதில்லை, வேறு உருவத்தில் அலைகிறது. செவ்வாய்க் கிரகம் நிலா அளவுக்குப் பெரிதாகத் தெரியப்போகிறது என்று ஆகஸ்ட் மாதமானால் வாட்ஸ்அப்பில் வருமே, அதற்கு வேர் 2003-இல் இருக்கிறது. அந்த ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையிலேயே ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவு பூமிக்கு நெருங்கி வந்தது, சுமார் 5.6 கோடி கிலோமீட்டர். தொலைநோக்கியில் 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவில் தெரியும் என்று யாரோ எழுதினார்கள். தொலைநோக்கி வழியில் உதிர்ந்துவிட்டது, நிலா மட்டும் தங்கிவிட்டது. போன தடவை எங்கள் பெரியப்பா அதை எனக்கு அனுப்பி, "மொட்டை மாடிக்குப் போ" என்று குரல் பதிவும் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சிறுகோள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் பத்திரிகைகள் செய்வது பாதி பாவம். 2024 டிசம்பர் 27-இல் 2024 ஒய்ஆர்4 என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2032 டிசம்பர் 22-இல் அது பூமியில் மோத ஒரு சதவீத வாய்ப்பு என்றார்கள், பிறகு அது ஏறி ஏறி 2025 பிப்ரவரி 18-இல் 3.1 சதவீதம் ஆனது. தினமும் செய்தி. வீட்டில் ஏழாவது படிக்கிற பையன், "2032-இல் எனக்கு எத்தனை வயசு இருக்கும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த ஒரு வாரத்துக்குள் அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஆகிவிட்டது. பூஜ்ஜியம் ஆன செய்தி வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏறியது ஏன், அப்படிச் சட்டென்று விழுந்தது ஏன் என்று ஒரு வரி இல்லை. அதனால் படித்தவர்களே, "முதலில் பயமுறுத்தினார்கள், அப்புறம் மூடி மறைத்துவிட்டார்கள்" என்று பேசினார்கள். என் காதால் கேட்டேன்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வீட்டில் சாவி தொலைந்துவிட்டது என்று வை. பத்து இடத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அலமாரியில் இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று. மேசையில் பார்த்தாயிற்று, இல்லை. கட்டிலுக்கு அடியில், இல்லை. இப்படி ஒவ்வொரு இடமாகக் கழிய கழிய, நீ அலமாரியைத் தொடவே இல்லை, ஆனால் அலமாரியின் வாய்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் திறந்து பார்த்தால் அங்கேயும் இல்லை, ஒரே அடியில் பூஜ்ஜியம். சிறுகோளின் பாதையும் அப்படித்தான். முதலில் அது எங்கே போகும் என்பது ஒரு அகலமான பட்டை, பூமி அதற்குள் ஒரு புள்ளி. பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கும், பூமி இன்னும் அதற்குள் இருக்கிறவரை சதவீதம் ஏறும், பட்டை பூமியைவிட்டு நகர்ந்த அன்று விழுந்துவிடும். யாரும் எதையும் மறைக்கவில்லை. பையன் கேட்டுவிட்டு, "அப்போ சாவி எங்கே?" என்றான். அது வேறு பிரச்சினை.

மீக்கடத்தி நினைவிருக்கிறதா? 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்று ஒரு பொருள். சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் பாயும், உலகமே மாறும் என்றார்கள். காந்தத்தின் மேல் ஒரு கருஞ்சாம்பல் துண்டு ஒரு பக்கம் தரையைத் தொட்டபடி பாதி மிதக்கிற காணொளியை நானும் பத்துத் தடவை பார்த்தேன். ஆகஸ்ட் பாதிக்குள் பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்து இல்லை என்றுவிட்டன. மின்தடை திடீரென்று குறைந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடு, அது சுமார் 104 டிகிரியில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் பொருள். கலப்பில்லாமல் தூய படிகமாகச் செய்து பார்த்தபோது அது மின்சாரத்தையே கடத்தாத, ஊதா நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பொருளாக இருந்தது. என் நோட்டில் கீழ்ப் பாதி நிறைந்த பக்கம் இது, ரொம்பப் பிடித்த பக்கமும்கூட.

அப்புறம் அணுக்கரு இணைவு, அதாவது சின்ன அணுக்கருக்களை ஒன்றாகச் சேர்த்து ஆற்றல் எடுப்பது. இது பொய்யே இல்லை, முழு உண்மை, அதனால்தான் சிக்கல். 2022 டிசம்பர் 5-இல் அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு மையத்தில் 192 லேசர் கற்றைகளை வைத்து 2.05 மெகாஜூல் உள்ளே அனுப்பி 3.15 மெகாஜூல் வெளியே எடுத்தார்கள். பல பத்தாண்டு உழைப்பு, கை தட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் 'போட்டதைவிட அதிக மின்சாரம்' என்று அச்சானது பாருங்கள், அங்கேதான் எனக்குக் கை கிடந்து தவித்தது. வெளியே வந்தது மின்சாரம் இல்லை, ஆற்றல். அந்த லேசர்களைச் சுட வைக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். நம் மீட்டர் கணக்கில் 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் குறைவாக எடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியைச் சேர்த்தால் சாதனை குறைந்துவிடாது, எவ்வளவு தூரம் பாக்கி இருக்கிறது என்று வாசகனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

உடல்நலச் செய்திகளைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. ஒன்றே ஒன்று. 2015-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஒரு மட்டமான ஆய்வை நடத்தினார்: பதினைந்து பேர், மூன்று வாரம், சிலருக்கு மட்டும் தினமும் சாக்லேட், ஒவ்வொருவரிடமும் எடை, கொழுப்பு, தூக்கம் என்று பதினெட்டு அளவுகள். பதினெட்டு தடவை வலை வீசினால் ஏதாவது ஒரு மீன் தற்செயலாகவே மாட்டும், அறுபது சதவீத வாய்ப்பு உண்டு. அவருக்கு மாட்டியது எடை. சாக்லேட் சாப்பிட்டால் சீக்கிரம் மெலியலாம் என்று ஒரு ஆய்விதழில் காசு கட்டி வெளியிட்டார், பல நாட்டுப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்று கேட்டிருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். ஆகவே எலியிலா மனிதனிலா, எத்தனை பேர் என்பதை மட்டுமாவது முதல் பத்தியில் போட்டுவிடுங்கள், என் மனைவி அதற்கப்புறம் படிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்துகொள்வாள்.

இந்தக் குறைக்கு விஞ்ஞானிகளும் பொறுப்பு, நீங்கள் மட்டும் இல்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான செயற்கை நரம்பு வலைப்பின்னல்களுக்காக 2024-இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜெஃப்ரி ஹின்டன், 2016-இல் என்ன சொன்னார்? எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஐந்து போய் இன்னொரு ஐந்தும் வந்தாயிற்று, அந்த மருத்துவர்களுக்கு இன்னும் தட்டுப்பாடுதான். அவரைவிடக் குறைவாகத் தெரிந்த நிறுவன முதலாளிகள் இப்போது செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்கிற 'இன்னும் ஐந்து வருஷத்தில்' எல்லாவற்றையும் நான் தேதியோடு ஒட்டி வைத்துக்கொண்டு வருகிறேன். தனி நோட்டே போட வேண்டியிருக்கும்.

பொறுத்திருந்து சொன்னவர்களும் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. வெளியையே லேசாக நெளியவைத்துக்கொண்டு பரவும் ஈர்ப்பு அலையின் முதல் துடிப்பு, அதைப் பிடிக்கவே அமெரிக்காவில் கட்டிய லைகோ கருவிகளில் விழுந்தது 2015 செப்டம்பர் 14-இல். நான்கு கிலோமீட்டர் நீளக் குழாயில் ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சின்ன அசைவு. ஐந்து மாதம் எல்லாக் கேபிளையும் (ஆமாம், கேபிளையும்தான்) சரிபார்த்துவிட்டு 2016 பிப்ரவரி 11-இல்தான் அறிவித்தார்கள். அந்தத் துண்டின் கீழ்ப் பாதியில் 2017-இன் இயற்பியல் நோபலை எழுதியிருக்கிறேன்.

ஆர்செனிக் தின்னும் பாக்டீரியா பக்கம்தான் அதிக நாள் காத்திருந்த பக்கம். 2010 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்தது, பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்செனிக்கைக் கொண்டு உடம்பைக் கட்டுகிறது, வேற்றுக்கிரக உயிர்களைத் தேடும் முறையே மாறப்போகிறது என்று தடபுடல். 2012-லேயே இரண்டு ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. ஆய்வை வெளியிட்ட சயின்ஸ் இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில்தான், எழுதியவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். பசை விட்டுப்போய்த் துண்டு தனியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. திரும்ப ஒட்டி, கீழே தேதி போட்டேன்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் இப்போதே குறித்து வையுங்கள். 2029 ஏப்ரல் 13-இல் அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடக்கப்போகிறது, நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிற்பதைவிடக் கிட்டத்தில். மோதாது, கணக்குத் தெளிவாகப் போட்டாயிற்று. உலகின் சில பகுதிகளில் வெறுங்கண்ணாலேயே நகரும் புள்ளியாகப் பார்க்கலாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. தலைப்பு போடுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் கத்தரிக்கோலோடு காத்திருப்பேன்.

இப்படிக்கு,
நோட்டு வைத்திருக்கும் வாசகன்