மதில் பாஞ்சவைக்கு கதவு திறந்துவிட்டவவின்ர மருமகள் எழுதுறன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட வாரப் பக்கத்தில அந்தக்காலப் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு கட்டுக் கேள்வி போட்டு, வாசகர்கள் பம்பலா பதில் எழுதி அனுப்பலாம் எண்டிருந்தீங்கள். சரி எழுதுவம் எண்டு பேனையும் எடுத்துக்கொண்டு இருந்தால் முதல் கேள்வியே "எத்தனை தரம் மதில் பாஞ்சு செக்கண்ட் ஷோ பாத்தனீங்கள்?", அடுத்தது எந்தச் சந்தியில நிண்டு அரட்டை அடிச்சனீங்கள், அதுக்கடுத்தது எந்த நடிகருக்காக சண்டை பிடிச்சனீங்கள். எனக்கு உடன விளங்கிட்டுது, இதை எழுதினவர் எழுபதை எட்டிப் பாக்கிற ஒரு ஐயா. அவரில கோவம் இல்லை. ஆனா பொம்பிளையளும் உங்கட பேப்பரை வாசிக்கிறம், கரண்ட் இல்லாத காலத்தில வளந்தவையும் வாசிக்கிறம், நான் ரெண்டிலயும் சேத்தி, 1978ல பிறந்தனான். அதால கேள்வியளை என்ர வசதிக்குக் கொஞ்சம் திருப்பிப் போட்டுத்தான் பதில் எழுதுறன். இடம் காணாட்டி எங்கயாவது வெட்டுங்கோ, 304 எண்ட சீட்டு விளையாட்டைப் பற்றின பகுதியில மட்டும் கை வைக்காதேங்கோ.

மதில் பாயேல்ல. பாஞ்சது சித்தப்பாமார். அவை ராத்திரி படம் முடிஞ்சு வரேக்க நாய் குலைக்காமல் பிடிச்சுக்கொண்டு குசினிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டது எங்கட மாமி. அவவிட்டப் போய் ஒருத்தரும் எந்தத் தியேட்டர், என்ன படம் எண்டு கேக்கேல்ல, கதவு திறந்ததுக்கு கூலியா படக் கதை மட்டும் கிடைச்சுது, அதுவும் சண்டைக் கட்டங்கள்தான் கூட. வின்சர், வெலிங்டன், றீகல், ராணி, மனோகரா, ராஜா, லிடோ எண்டு அவை தியேட்டர் பேரை அடுக்கேக்க மாமியும் சேர்ந்து அடுக்குவா, அதில பாதிக்கு அவ உள்ளுக்கே போனதில்லை.

நான் முதல் படம் பாத்தது ராணியில, பகல் ஷோ, அம்மாவோடயும் பக்கத்து வீட்டு அன்ரியோடயும். சாமிப் படம் எண்டபடியால்தான் அப்பா விட்டவர். படத்தில என்ன நடந்தது எண்டு இப்ப ஒண்டும் நினைவில்லை, ஆனா இடைவேளையில வாங்கித் தந்த கச்சான் சரையும், சாமி வந்த நேரம் முன்னுக்கு இருந்த ஒரு ஆச்சி எழும்பி நிண்டு கும்பிட்டு பின்னுக்கு இருந்தவை கத்தினதும் நல்லா நினைவிருக்கு.

ரேடியோவில விருப்பமான அறிவிப்பாளர் ஆர் எண்டு கேட்டு அதுக்குக் கீழ மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் எண்டு மூண்டு பேரும் போட்டிருந்தீங்கள். மூண்டு பேரையும் குறை சொல்ல ஏலாது. ராஜாட கதை எப்பிடியெண்டால் மூச்சு எங்க விடுறார் எண்டு கண்டுபிடிக்க ஏலாது, அவ்வளவு வேகம். ஆனா ராஜேஸ்வரி சண்முகம் எங்க? எங்கட அம்மா அடுப்படியில நிண்டு கேட்டது அவவின்ர குரலைத்தான். விடியக் காலமை "பொங்கும் பூம்புனல்" பாட்டு நிகழ்ச்சி தொடங்கினால் அம்மாவுக்கு மணிக்கூடு தேவையில்லை, எத்தினையாவது பாட்டுக்குப் புட்டு இறங்கவேணும், எத்தினையாவது பாட்டுக்கு நாங்கள் தலை இழுத்து முடிச்சிருக்கவேணும் எண்டு அவவுக்கு ஒரு கணக்கு. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி இன்னொரு கூத்து, ஒரு பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்ல அப்பா அம்மா அப்பப்பா அம்மம்மா பெரியப்பா சின்ன மாமி எண்டு தொடங்கி கண்டி கொழும்பு மட்டக்களப்பில இருக்கிற சொந்தம் முழுக்க வாசிச்சு முடிய, பாட்டு போறதுக்கிடையில நாங்கள் பள்ளிக்கூடம் போயிடுவம். பேர் விடுபட்ட சொந்தக்காரர் கோவிச்சுக்கொண்டு கதைக்காமல் விட்ட கதையும் எங்கட பக்கத்தில நடந்தது.

இனி நீங்கள் கேக்காமல் விட்டது. உங்கட கேள்வியள் எழுபதுகளில நிக்குது, பிறகு ஒரே பாய்ச்சலில ஸ்மார்ட்போனுக்கு வந்திடுது. நடுவில 1990ல இருந்து 95 வரைக்கும், யுத்தமும் பொருள் தடையுமா இருந்த காலத்தில, யாழ்ப்பாணத்தில சனம் இருந்ததுதானே ஐயா. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விலை கேட்டால் தலை சுத்தும், பற்றறி தடைப் பொருள். பதினாலு பதினைஞ்சு வயசில எங்களுக்கும் பாட்டுக் கேக்க ஆசை வராதோ?

சைக்கிளைக் கவிட்டு வைக்கிறது. பின் சில்லுக்கு டைனமோவைத் தட்டிவிட்டு, அதில இருந்து ரெண்டு வயர் ரேடியோவுக்கு. டைனமோ தாறது 6 வோல்ற், ரேடியோவுக்குப் போடுற பெரிய பற்றறி நாலும் சேர்ந்தாலும் அதே 6 வோல்ற்தான், ஆனா டைனமோவில வாறது ஏசி, அதை அப்பிடியே குடுத்தால் ரேடியோ உறுமும், அதால ரேடியோ திருத்துற அண்ணைமார் இடையில நாலு டையோட் வைச்சுத் தருவினம். பிறகு கையால பெடலைச் சுத்த வேண்டியதுதான். நியூஸ் எண்டால் ஐயாமார் சுத்துவினம், இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை, அதைவிட்டால் மணிலாவில இருந்து வாற வெரித்தாஸ் ரேடியோ. முழு ஒழுங்கைச் சனமும் எங்கட விறாந்தையில தான். பாட்டு எண்டால் நாங்கள்தான் சுத்தவேணும், அதுவும் கசற் போட்டால் வலு கவனமாச் சுத்தவேணும், ஏனெண்டால் சுத்துறவள் களைச்சால் பாடுறவரும் களைச்சிடுவார். சீர்காழி கோவிந்தராஜன்ர அந்தக் கணீர் எண்ட குரல் அப்பிடியே இறங்கி இறங்கிப் போய் நித்திரைத் தூக்கத்தில முனகிறமாதிரி வரும், பிறகு அண்ணை வந்து ஆவேசத்தில சுத்த சின்னப் பிள்ளை கத்துறமாதிரி கீச்சிடும். இப்ப அந்தப் பாட்டுகளை ஒழுங்கான வேகத்தில கேக்க எனக்கு என்னமோ பிழையாத்தான் கேக்குது.

ரீவியும் வீடியோ டெக்கும் இருந்தது. ஒழுங்கையில எல்லாரிட்டையும் காசு சேத்து ஒரு இரவுக்கு ஜெனரேற்றரும் சேத்து வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூண்டு நாலு படம் ஓட்டுவினம், எந்தப் படம் போடலாம் போடக்கூடாது எண்டதுக்கும் அப்ப ஒரு தணிக்கை இருந்தது. ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில ஓடுறதால புகையும் இருமலும், சத்தத்தில வசனம் பாதி விளங்காது, கதாநாயகன் சாகப்போற நேரம் பாத்து லைற் மங்கும். பொம்பிளையள் பின்னுக்கு மாமரத்தடியில பாயில இருக்கவேணும், முன்னுக்கு பெடியள். இதிலயும் அதே ஒழுங்குதான் பாருங்கோ.

கூத்து நாடகம் பாத்தனீங்களோ எண்ட கேள்விக்கு அம்மாட பதிலைத்தான் எழுதுறன், அரிச்சந்திரன் நாடகம் நடிச்ச நடிகமணி வி.வி.வைரமுத்து 1989ல போயிட்டார், நான் அவரை மேடையில கண்டு நினைவில்லை. அம்மா சொல்லுறதில கோயில் வீதியில சாக்கும் பாயும் கொண்டுபோய் இடம் பிடிச்சு, பிள்ளையளை அதிலயே கிடத்திப்போட்டு, விடியப்புறம் மயான காண்டம் வரேக்க தட்டி எழுப்புவினமாம், அரிச்சந்திரனா அவர் சுடலை காக்கிற கட்டத்தில அழாத பொம்பிளை இல்லையாம். சந்திரமதி ஆர் எண்டு கேட்டன். அதுவும் ஆம்பிளைதானாம். பொம்பிளையின்ர கவலையையும் ஆம்பிளை பாடி, அதைப் பாத்து பொம்பிளையள் அழுதிருக்கினம். அம்மாவுக்கு இதில ஒரு பிழையும் தெரியேல்ல, "அவன் எங்களைவிட வடிவா அழுதான் பிள்ளை" எண்டா.

விளையாட்டுக் கேள்வியளுக்குச் சுருக்கமா: கிளித்தட்டு ஓம், கொக்கான் ஓம், போளை அண்ணை இல்லாத நேரம் ஓம். பட்டம் ஏத்தேல்ல, ஆனா பசை காய்ச்சினதும் வால் கட்டினதும் நாங்கள். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில நடக்கிற பட்டப் போட்டியைப் பாக்கேக்கயும் எனக்கு அந்த நினைவுதான், ஏத்துறவற்ர பேர் மைக்கில வரும், பசை காய்ச்சினவளின்ர பேர் வராது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் தும்பு முட்டாசுக்கு அழுதனான், அதில ஒளிக்க ஒண்டுமில்லை.

இப்ப 304. பத்துக் கேள்வியில இதைப் பற்றி ஒண்டுகூட இல்லாததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைச்சது. யாழ்ப்பாணத்தில செத்தவீட்டிலயும் கலியாண வீட்டிலயும் இரவு முழிச்சிருந்த ஆரும் இதை மறக்க ஏலாது. 32 சீட்டு, நாலு பேர், எதிரும் புதிரும் கூட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் வெறும் சீட்டு. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் 304, பேரும் அதுதான். முதல் நாலு சீட்டோட இத்தனை புள்ளி எடுப்பன் எண்டு கேள்வி கேட்டு, துரும்பை (வெட்டுற சீட்டை) கவிட்டு வைச்சுப்போட்டு மற்ற நாலையும் பாக்கவேணும். ராசாவை ஒன்பது வெட்டுற விளையாட்டு வேற எங்கயும் நான் காணேல்ல, ராணிக்கு ரெண்டே ரெண்டு புள்ளி எண்டதில எனக்குக் கொஞ்சம் கோவம்.

செத்தவீட்டில இது ஆம்பிளையளின்ர விளையாட்டு, பந்தலுக்குள்ள லைற் வெளிச்சத்தில. ஆனா எங்கட வீட்டில இதில ராசா எங்கட அம்மம்மாதான். எட்டுப் பிள்ளை பெத்தவ, பள்ளிக்கூடம் சரியாப் போகாதவ, விழுந்த சீட்டு முழுக்க மனசில வைச்சிருப்பா. கூட்டுக்காரிக்கு சைகை காட்டக் கூடாது எண்டு சட்டம், அவ காட்ட மாட்டா, ஆனா வெத்திலை போடுற விதத்தில எங்களுக்கு விளங்கும்.

1995 ஒக்ரோபர் 30ல சனம் முழுக்க யுத்தத்தால இடம்பெயர்ந்து நாவற்குழியால தென்மராட்சிக்குப் போகேக்க, அம்மம்மா தன்ர சேலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டுவந்தது சீட்டுக் கட்டைத்தான். கொடிகாமத்தில ஒரு வீட்டில முன்பின் அறியாத குடும்பங்கள் எத்தனையோ ஒண்டா இருந்தம், குசினியும் ஒண்டு கிணறும் ஒண்டு, முதல் கிழமை தண்ணி அள்ளுறதில சண்டை, கக்கூசுக்குச் சண்டை, ஆற்ர பிள்ளை அழுதது எண்டு சண்டை. பிறகு ஒரு இரவு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திவைச்சு அம்மம்மா சீட்டைக் கலைக்கத் தொடங்கினா. பருத்தித்துறைப் பக்கத்து ஒரு அன்ரி, ஒரு ரீச்சர், நான், அவ. அடுத்த நாள் காலமை கிணத்தடியில கதை முழுக்க "நீ ஏன் அந்த ஒன்பதை இறக்கினாய்" எண்டதுதான், வாளிச் சண்டையை மறந்திட்டினம். 96ல திரும்பி வரேக்க அந்தக் கட்டில கலாவரை (கிளாவர்) எட்டைக் காணேல்ல, ஒரு மருந்துப் பெட்டி மட்டையில வெட்டி எழுதி வைச்சு விளையாடினம். கவிட்டு வைச்சாலும் அது எட்டுத்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

உங்கட கடைசிக் கேள்வி, அந்தக் காலம் திரும்பி வந்தால் சந்தோசமோ எண்டது. இல்லை ஐயா. கரண்ட் இருக்கட்டும், டைனமோ சுத்தின கைக்கு இப்பவும் உழைவு. ஆனா எங்கட வீட்டில 304 தெரிஞ்சவை இப்ப மூண்டு பேர்தான், நாலாவது ஆள் அகப்படுதில்லை, மகள் போனில தனிய விளையாடுறாள். அடுத்த முறை கேள்வி போடேக்க "உங்கட வீட்டில 304ல ஆர் கெட்டி?" எண்டு ஒண்டு சேத்துவிடுங்கோ, பொம்பிளையளின்ர கடிதம் எத்தினை வருது எண்டு பாப்பம்.

இப்படிக்கு,
உங்கட வாசகி,
கொக்குவில்.