வெறும் சுத்த தன்யாசி இல்லையடி!

அன்புள்ள மீனா,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு வேண்டியமட்டும் திட்டிக்கொள், அப்புறம் மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறுகிறார். சின்னவன் வேலை மாறிவிட்டான். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்பதில்லை. பெரியத்தை இன்னும் ஊரார் ஜாதகத்தை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். நான் கிட்டாரில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) கற்றுக்கொள்கிறேன் என்றதற்கு ‘இந்த வயதில் கிட்டாரா’ என்று நீ கேட்டதில் எனக்குக் கோபமில்லை. ‘ப்ளூஸாவது ஒன்றாவது, ஐந்து ஸ்வரம், நம் சுத்த தன்யாசி ராகம்தானே’ என்று எழுதினாயே, அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாதி உண்மை என்பதால் இன்னும் எரிச்சல்.

ஸ்வரம் என்னவோ அதுதான். ச, சாதாரண காந்தாரம், ம, ப, கைசிகி நிஷாதம். ஐந்தாவது ஃப்ரெட்டில் (உன் வீணையில் மெட்டு என்பாயே, அது) கையை வைத்தால் நாலு ஃப்ரெட்டுக்குள் இரண்டு ஸ்தாயிக்கு மேலேயே கிடைத்துவிடும். புதிதாக வருகிற எல்லாரையும் முதலில் அந்தக் கட்டத்துக்குள்தான் உட்கார வைக்கிறார்கள். ஆனால் நமக்குத் தம்புரா ச-வை விட்டு அசையாது. இங்கே அடியில் கார்டு (மூன்று நான்கு ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது) மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு மொத்தம் 12 பார் (பார் என்றால் நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தம்): ச கார்டில் நான்கு, ம-வில் இரண்டு, திரும்ப ச-வில் இரண்டு, ப ஒன்று, ம ஒன்று, கடைசி இரண்டும் ச (அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட, கடைசி பாரில் ப-வைத் தொட்டுவிடுவதும் உண்டு). எல்லாம் திஸ்ர நடை, ஓர் அடிக்குள் மூன்று தட்டு. தகிடவில் நடுவிலிருக்கும் ‘கி’யை விழுங்கிவிட வேண்டும்.

இப்போது கேள். ச கார்டுக்குள் அந்தர காந்தாரம் (சாதாரணத்துக்கு ஒரு ஃப்ரெட் மேலே) இருக்கிறது. அதன் மேல் நீ சாதாரண காந்தாரத்தை வைத்தால் கொஞ்சம் கடிக்கும். அதே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இரு, ஐந்தாவது பாரில் கார்டு ம-வுக்குப் போனதும் கடி நின்றுவிடும். ஏனென்றால் அந்தக் கார்டிலேயே சாதாரண காந்தாரம் ஓர் உறுப்பு. விரல் நகரவில்லை, தரை நகர்ந்துவிட்டது. இன்னொன்று: தேர்ந்தவர்கள் ச கார்டின் மேல் அந்தக் காந்தாரத்தைச் சும்மா வைப்பதில்லை. தந்தியைத் துளி தள்ளி, சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்த இடத்துக்கு ஃப்ரெட்டே கிடையாது. இது உன் சுத்த தன்யாசியில் நடக்குமா, சொல்லு!

தந்தியைத் தள்ளுவதைப் பற்றி உன்னிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். உன் வீணையில் ஒரே மெட்டில் மூன்று ஸ்வரம் இழுப்பாய். எனக்கு மூன்றாம் தந்தியில் ம-வைப் பிடித்து ப வரை ஏற்றவே மோதிர விரலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு விரல் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் ப-வைத் தனியாக வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு இழுத்துப் பார் என்கிறான் என் வாத்தியார். (மீசை இப்போதுதான் முளைக்கிறது. ‘மேடம், மேடம்’ என்றே உயிரை வாங்குகிறான்.) பாதியில் நின்றுவிட்டால் பிரதி மத்யமம். நல்லவேளை, ப்ளூஸ்காரர்கள் அதையும் ஆறாவது ஸ்வரமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், பிழைத்தேன். ஆல்பர்ட் கிங் என்று ஒருவர், இடக்கைக்காரர். தந்தி வரிசையை மாற்றாமல் கிட்டாரையே திருப்பிப் பிடித்தவர். மெல்லிய தந்திகளைக் கீழ்நோக்கி இழுப்பார். கேட்டுப் பார், உனக்குப் பொறாமை வரும்.

ஆனால் என் கஷ்டம் விரலில் இல்லை மீனா. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நாம் கற்றதெல்லாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது. அந்த நேரத்தில் தானாகக் கட்ட வேண்டிய கல்பனா ஸ்வரத்தைக்கூட டீச்சர் நோட்டில் எழுதிக் கொடுத்தார், நெட்டுருப் போட்டோம், ‘கற்பனை’ என்று கைதட்டினார்கள். இன்றைக்கு ஒரு பையன் மூன்று கார்டை ஓடவிட்டு, ‘உங்க இஷ்டத்துக்கு வாசிங்க மேடம்’ என்கிறபோது கை பாலபாட ஜண்டை வரிசைக்கு ஓடுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சே விடாமல். தப்பு ஸ்வரம் ஒன்றுகூட இல்லை, கேட்கத்தான் சகிக்கவில்லை. எனக்கென்று சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றே ராத்திரியில் யோசிக்கிறேன். ஆபீஸில் முப்பது வருஷம் ‘தங்கள் பார்வைக்கு’ என்று எழுதிய கை இது.

அதற்கு அவன் கொடுத்த மருந்து விசித்திரமானது. இரண்டே ஸ்வரம், முதலில் வாயால் பாடு, பிறகு கிட்டாரில் தேடு. முதல் நாலு பாரில் ஒரு வாக்கியம், பாதியிலேயே முடித்துவிட்டு வாயை மூடு. அடுத்த நாலில் அதே வாக்கியம். கடைசி நாலில் பதில். ப்ளூஸ் பாட்டே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது: ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவது வரி பதில், ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் மீதமிருக்கும் இடத்தில் கிட்டார் பேசும். ப்ளூஸ் பாடி, கிட்டாரும் வாசித்த பி.பி. கிங்கைக் கேள். 1964-ல் சிகாகோவில் ரீகல் தியேட்டரில் வாசித்த பதிவு இருக்கிறது. பாடும்போது கிட்டாரைத் தொடமாட்டார், கிட்டார் பேசும்போது பாடமாட்டார். மற்றவர்கள் பத்து ஸ்வரம் வைக்கிற இடத்தில் ஒன்றை வைத்து, அதை இடது கையால் நடுங்கவிட்டுவிட்டுச் சும்மா நிற்பார். எனக்கு அந்தச் சும்மா நிற்பதுதான் வரவில்லை.

‘உனக்கென்ன சோகம், ப்ளூஸ் வாசிக்க’ என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய், தெரியும். பி.பி. கிங் மிசிசிப்பியில் பருத்தி எடுத்தவர். அந்த வாழ்க்கையை நான் கிட்டாரோடு சேர்த்துக் கடையில் வாங்கிவர முடியாது, வாங்கியதாக நடிக்கவும் மாட்டேன். ஆனால் இதே ப்ளூஸுக்குத்தான் சனிக்கிழமை ராத்திரி அந்தப் பருத்திக்காட்டு மக்கள் ஆடவும் செய்தார்கள். கேலியும் கிண்டலும் அந்தப் பாட்டில் நிறையவே உண்டு. அழுமூஞ்சிச் சங்கீதம் என்று முத்திரை குத்தாதே.

டிசம்பரில் கச்சேரி கேட்க வருகிறாய் அல்லவா? வீணையையும் தூக்கிக்கொண்டு வா. என் பாடமெல்லாம் ஏ சுருதியில், நம் கணக்குக்கு ஆறு கட்டை. அதற்கு முறுக்கினால் உன் தந்தி அறுந்துவிடும். ஈ-க்கு இறக்கிக்கொள்கிறேன், மூன்று கட்டை. கிட்டாருக்கும் அதுதான் சுகம்: முதல் தந்தி, ஆறாம் தந்தி இரண்டுமே வெறுமனே மீட்டினால் ச. நான் கார்டு பிடிக்கிறேன், நீ சுற்று சுற்றாக வாசி. தரை நகரும்போது உன் சுத்த தன்யாசி என்ன செய்கிறது என்று பார்ப்போம். இப்போது வீணை எந்தக் கட்டையில் இருக்கிறது என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: சோடாபுட்டியிடம் மூச்சு விடாதே. மிருதங்கத்தோடு வந்து நிற்பாள். ‘கி’யை விழுங்கு என்றால் நம் இருவரையும் விழுங்கிவிடுவாள்.