டீச்சர் ஏன் ஃபோனையே பார்க்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் குழந்தை வளர்ப்பு பற்றி வருகிற கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படிக்கிறவள் நான். பிள்ளையோடு நிறைய பேசுங்கள், கதை சொல்லுங்கள், ஃபோனைக் கையில் கொடுக்காதீர்கள் என்று எழுதுகிறீர்கள். சரி. ஆனால் நானும் வீட்டுக்காரரும் காலை எட்டரைக்கு மில்லுக்குக் கிளம்பினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புகிறோம், அந்தப் பகலில் பாதிக்கு மேல் என் மகள் இருப்பது எங்கள் தெரு அங்கன்வாடியில். அந்த இடத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

போன மாதம் ஒருநாள், "இன்னைக்குப் பாட்டே இல்லம்மா, டீச்சர் ஃபோனே பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றாள். நாலு வயசு, பொய் சொல்லத் தெரியாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவதென்று போனேன். போய்ப் பார்த்தால் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எடை பார்த்து நோட்டில் எழுதி, அதையே திரும்பவும் ஃபோனில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நெட் கிடைக்காமல் ஜன்னலுக்கும் வாசல்படிக்கும் நடை வேறு. நடுவில் மாசமாக இருக்கிற ஒரு பெண் சத்துமாவு வாங்க வந்து நிற்கிறார். ஆயா அடுப்படியில். பிள்ளைகள் பதினெட்டுப் பேர், எண்ணிப் பழக வைத்திருந்த புளியங்கொட்டை பாதி பாய்க்கு அடியில் கிடக்கிறது. கேட்க நினைத்ததை முழுங்கிவிட்டு நானே கீழே உட்கார்ந்து பத்துவரை எண்ணச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கு என்ன வழி என்று தெரியாமல் ஒன்றும் இல்லை. கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் நம் தமிழ்நாட்டிலேயே 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்த பாதி இடங்களில் மட்டும் கூடுதலாக ஒருவரை அரைநாள் வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். அவருக்குப் பாட்டு, எழுத்து, எண் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் வேலை. சொல்லித்தருகிற நேரம் இரண்டு மடங்காகிவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் தொடர்ந்து வந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னே நின்றார்கள். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு விஷயம்: அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், மோசமான சத்துக்குறைவு உள்ள பிள்ளைகளும்கூட குறைவு. பாடத்தை வேறொருவர் பார்த்துக்கொண்டதால் ஏற்கெனவே இருந்த டீச்சருக்கு எடை, சத்துணவு வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

செலவாகுமே என்பார்கள். ஆகும்தான், ஆனால் செலவைவிட வரவு அதிகமாக இருக்கவே வாய்ப்பு என்று அதே ஆய்வில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிளே ஸ்கூலுக்கு நாங்கள் கட்ட யோசித்த பீஸை இங்கே சொன்னால் உங்களுக்கே தலை சுற்றும், அது வேறு கதை.

நம் அரசு செய்வதோ வேறு மாதிரி. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தார்கள், 2022-ல் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள், எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டி இல்லாத எங்கள் தெரு மாதிரி மையங்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 54,000 மையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஆள் போடச் சொல்லவில்லை, பிள்ளைகள் அதிகமாக வருகிற இடங்களில் இருந்தாவது ஆரம்பிக்கலாமே.

நீங்களும் அடுத்த ஞாயிறு இணைப்புக்கு முன்னால் ஒரு நிருபரை ஏதாவது ஓர் அங்கன்வாடிக்கு அனுப்பிப் பாருங்கள். எடை பார்க்கிற நாளாக இருந்தால் நல்லது.

– ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்