மலைப்பாதைகளும் மணல்மேடுகளும் ஜீப் விளையாட்டுத் திடல்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நீண்ட வார விடுமுறை வரும்போதெல்லாம் கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கி அணியணியாகப் புறப்படும் ஜீப் வண்டிகளை வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். உயர்த்தப்பட்ட அடிச்சட்டம், ஆழமான வெட்டுகளைக் கொண்ட மட் டயர்கள், முன்புறத்தில் பூட்டிய வின்ச் எனும் கம்பி இழுவைப் பொறி, ஆற்றில் இறங்கினாலும் என்ஜின் நின்றுவிடாதபடி கூரை வரை கொண்டுபோகப்பட்ட காற்றுக்குழாய் என எல்லா ஆயத்தங்களோடும் அவை செல்கின்றன. வீதி முடிகிற இடத்தில்தான் தங்கள் பயணம் தொடங்குகிறது என்பது இந்த அணியினருக்குப் பெருமை. சேறு ஆழமாக ஆழமாக, ஏற்றம் செங்குத்தாகச் செங்குத்தாகப் பயணத்தின் சுவையும் கூடுகிறது என்று கருதும் இந்தக் கடும் ‘ஓஃப் ரோட்’ ஓட்டம் கடந்த சில ஆண்டுகளில் நம் நாட்டில் வேகமாகப் பரவியுள்ளது. வீதி இல்லாத நிலம் யாருக்கும் உரியதல்லாத நிலம் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் தவறானது என்பதையும், இவ்வோட்டத்தை அதற்கெனக் குறித்து ஒதுக்கிய இடங்களுக்குள் நிறுத்த வேண்டும் என்பதையும் தங்கள் பத்திரிகையின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மலைக்காட்டு மண்ணின் மேற்படை, உதிர்ந்த இலைகளும் மெல்லிய வேர்களும் பின்னிப் பிணைந்து, பெய்யும் மழையை உறிஞ்சி மெதுவாகக் கீழே விடும் இயல்புடையது. ஏறக்குறைய இரண்டு தொன் நிறையுள்ள வண்டி அதன்மேல் ஏறும்போது மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் நசுங்கி அடைபட்டுப் போகின்றன. பிடிப்பை இழந்த சில்லு நின்ற இடத்திலேயே சுழலும்போது வேர்ப்படை கிழிந்து சேற்றோடு பின்னால் வீசப்படுகிறது. முதல் வண்டியின் தடம் நான்கு விரல் ஆழம் என்றால், பின்தொடரும் வண்டிகள் அதை முழங்கால் ஆழமாக்கிவிடுகின்றன. அதில் ஓட முடியாமற் போனதும் அடுத்து வருபவர் பக்கத்திலுள்ள புல்லின்மேல் புதுத்தடம் போடுகிறார். ஒற்றையடிப் பாதையாக இருந்த இடம் இப்படித்தான் சேற்றுவெளியாக அகன்றுபோகிறது. பிறகு பெய்யும் மழைக்கு அந்தத் தடங்களே வாய்க்கால்கள். நிலத்துக்குள் இறங்கியிருக்க வேண்டிய நீர் தடத்தின் வழியே பாய்ந்து, போகும் வழியெல்லாம் மண்ணை அரித்துக்கொண்டு ஓடைக்குப் போய்ச் சேர்கிறது. நசுங்கிய மண் மீள எவ்வளவு காலம் செல்லும் என்பதற்குக் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தைச் சான்றாகச் சொல்வதுண்டு: 1942 முதல் 1944 வரை அங்கே பயிற்சி பெற்ற அமெரிக்க இராணுவத் தாங்கிகளின் தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. நம் மலைகளில் புல் விரைவில் முளைத்து வடுவை மூடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் இறுகிப்போன மண் அதற்கு அடியில் அப்படியே கிடக்கிறது.

அரிபட்ட மண் எங்கே போகிறது என்பது தலைநகரில் வாழும் நமக்கும் உரிய கேள்வியாகும். ஹோட்டன் சமவெளி மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் நிலம். களனி கங்கையின் நீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்தே கொழும்பின் பெரும்பகுதிக்கு வழங்குகிறார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதி கலங்குவதற்கு மணல் அகழ்வு, காடழிப்பு, கட்டட வேலைகள் என வேறு பெரிய காரணங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பாதிப்பு உடனடியாகவும் கடுமையாகவும் தெரிவது மேலே உள்ள சிற்றோடைகளில்தான். கூழாங்கற்களின் இடுக்குகளில் முட்டையிடும் சிறு மீன்களுக்கு, அந்த இடுக்குகளைச் சேறு அடைத்துவிட்டால் இனப்பெருக்கம் செய்ய இடமில்லை. ஓடைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். இலங்கையிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் பல, நீரில் முட்டையிட்டு வாற்பேத்தையாக வளரும் வழக்கமான முறையை விட்டு, ஈரமான மண்ணிலும் இலைச்சருகிலும் முட்டையிடுகின்றன. முட்டைக்குள்ளிருந்து நேரே சிறு தவளை வெளிவருகிறது. பட்டாணியளவு கூட இல்லாத அந்த முட்டைகள் எங்கே கிடக்கின்றன என்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

மனிதர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒஹியவுக்கும் கலுபஹனவுக்கும் இடையே, உடவேரிய தோட்டத்தின் வழியாக இறங்கும் பாதை ‘டெவில்ஸ் ஸ்டேர்கேஸ்’ என்ற பெயரில் ஜீப் ஓட்டுநர்களிடையே புகழ்பெற்றது. 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த நீர்வீழ்ச்சியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வருபவருக்கு அது சவால். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் நம் மக்களுக்கோ இத்தகைய பாதைகள்தாம் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கடைக்கும் போகும் ஒரே வழி. பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பிரிவில் நான் நேரிற் கண்டதைக் குறிப்பிடுகிறேன். மழையில் அறுந்துபோன வளைவொன்றைத் தோட்டத்து மக்கள் சிரமதானமாகக் கருங்கல் அடுக்கி, இடைவெளிகளில் சரளை நிரப்பிச் செப்பனிட்டிருந்தார்கள். ஜீப் அணியொன்று அதில் ஏறிப்போன பின்னர் கற்கள் பெயர்ந்து, சில சரிவில் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தன. சரளை முழுவதும் சேற்றுக்குள் போய்விட்டது. முச்சக்கரவண்டி அதற்கு மேல் வர முடியாமல் நின்றுவிட, வைத்தியசாலையிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவரை இரண்டு இளைஞர்கள் கைத்தாங்கலாக மேலே அழைத்துச் சென்றார்கள். வளைவுக்கு மேலே நின்ற மரமொன்றில் வின்ச் கம்பியை வெறுமனே சுற்றி இழுத்திருந்தபடியால், இடுப்பளவு உயரத்தில் பட்டை வட்டமாக உரிந்து வெண்மரம் தெரிந்தது. சுற்றிவரப் பட்டை போன மரம் நின்றபடியே காய்ந்துவிடும். அகலமான நாடாவை இடையில் கொடுத்து இழுத்திருந்தால் அந்த மரம் பிழைத்திருக்கும். அந்தச் சிறு கவனத்துக்குக்கூட அங்கே இடமிருக்கவில்லை.

பாதையைத் திருத்துவது யார்? பிரதேச சபைகள் சட்டம் 2018 இல் திருத்தப்படும்வரை, தோட்டங்களுக்குள் நிதி செலவிடுவதற்குப் பிரதேச சபைகளுக்குச் சட்டத்தடை இருந்தது. தடை நீங்கிய பின்னரும் திருத்த வேண்டியது தோட்டக் கம்பனியா, சபையா என்ற இழுபறி ஓயவில்லை. விளையாட்டுக்கு வந்தவர்கள் மாலையில் கொழும்புக்குத் திரும்பிவிட, மண்வெட்டியைத் தூக்க வேண்டியவர்கள் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தினரே. இதே பதுளை மாவட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அனர்த்தத்துக்கும் ஜீப் ஓட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் மழைநீர் எந்த வழியாக வடிகிறது என்பதில் உயிர்கள் தங்கியிருக்கும் சரிவுகளில், பொழுதுபோக்குக்காகப் புதிய நீர்வழிகளை வெட்டிவிட்டுப் போக எவருக்கும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

கரையோரத்திலும் இதே கதைதான். மணற்காட்டிலோ கற்பிட்டியிலோ மன்னாரிலோ ஒரு மணல்மேட்டைக் கண்டதும் வண்டியை ஏற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சில்லு ஏறி அவை அறுந்தால் காற்று மணலைக் கிளப்பத் தொடங்கும். மேடு தாழ்ந்தால் அதற்குப் பின்னாலுள்ள வயலும் கிணறும் கடலுக்குத் திறந்துவிடப்படும். 2004 ஆழிப்பேரலையின்போது தென்கிழக்குக் கரையில் உயர்ந்த மணல்மேடுகள் நின்ற இடங்கள் பெருமளவு காக்கப்பட்டன. மேடு வெட்டப்பட்ட இடங்களில் அலை உள்ளே புகுந்தது. உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து நம் கரைகளுக்கு வந்து முட்டையிடுகின்றன. முட்டைகள் மணலுக்குள் இருப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. பொரித்து வெளிவரும் குஞ்சுகளோ டயர் தடத்துக்குள் விழுந்து, ஏற முடியாமல் தடம் நெடுகச் சென்று, நண்டுக்கும் காகத்துக்கும் இரையாகின்றன. இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லலாம்: டயர் வெட்டுகளில் ஒட்டிய சேறு ஒரு மாவட்டத்து விதைகளை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுசெல்கிறது. வடக்கில் பார்த்தீனியக் களையோடு விவசாயிகள் படும் பாட்டை அறிந்தவர்கள் இதைச் சிறிய விடயமாக எண்ண மாட்டார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1951 ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டமும், 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் நடைமுறையில் உள்ளவை. நக்கிள்ஸ் வனம், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம் ஆகிய மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியிருந்தும், 2022 ஒக்டோபரில் யால தேசிய பூங்காவுக்குள் ஜீப் வண்டிகள் தாறுமாறாக ஓட்டப்பட்ட காணொளி பரவி மக்கள் கொதித்தெழுந்த பின்னர்தான் வழக்கு நீதிமன்றம் வரை போனது. காணொளி இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். தேசிய பூங்காவுக்குள் குற்றமாகக் கருதப்படும் செயல், எல்லைக்கல்லுக்கு வெளியேயுள்ள ஓடையிலும் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியிலும் பெரும்பாலும் கேள்வியின்றி நடக்கிறது.

வெள்ள காலங்களில் ஜீப் உரிமையாளர்கள் பலர் தங்கள் வண்டிகளோடு இறங்கி மக்களை மீட்டிருக்கிறார்கள், நிவாரணம் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த நன்றி நமக்கு உண்டு. மலைக்கிராமங்களில் மரக்கறி மூட்டைகளையும் நோயாளிகளையும் ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களையும் எவரும் குறைகூற முடியாது. அவை தேவைக்கு ஓடுகின்றன, பாதையைக் காப்பாற்றிக்கொண்டே ஓடுகின்றன. இந்த விளையாட்டில் உள்ள திறமையையும் நான் சிறிதாக மதிப்பிடவில்லை. அந்தத் திறமையைக் காட்டுவதற்குக் காட்டோடைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே என் வாதம். கைவிடப்பட்ட கற்குழிகளும் ஏற்கெனவே அகழ்ந்து முடிந்த நிலங்களும் நாட்டில் இருக்கின்றன. மோட்டார் பந்தயங்களுக்கென மூடிய ஓடுபாதைகளும் உள்ளன. அமெரிக்காவில் 1972 இல் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த நிறைவேற்று ஆணை, பொது நிலங்களில் எந்தெந்தப் பகுதிகள் இத்தகைய வாகனங்களுக்குத் திறந்தவை, எவை மூடியவை என்று வரையறுக்குமாறு நிர்வாகங்களைப் பணித்தது. சேதம் காணப்படும் இடத்தை உடனடியாக மூடும் கடப்பாடு 1977 இல் சேர்க்கப்பட்டது. ஐஸ்லாந்தில் பாதையை விட்டு வண்டியை இறக்குவதே தண்டனைக்குரிய குற்றம். அங்குள்ள பாசிப்படை மீளப் பல பத்தாண்டுகள் வேண்டும் என்பதால் அந்நாட்டு மக்கள் அச்சட்டத்தை மனமுவந்து ஏற்கிறார்கள்.

இங்கும் அப்படியொரு வரையறை தேவை. ஓஃப் ரோட் ஓட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் எவை என்பதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் வனஜீவராசிகள், வனப் பாதுகாப்புத் திணைக்களங்களும் கரையோரத் திணைக்களமும் கூடி வர்த்தமானியில் வெளியிட வேண்டும். அப்பட்டியலில் இல்லாத ஓடை, பத்தனை, மணல்மேடு அனைத்தும் மூடியவை என்றே கொள்ளப்பட வேண்டும். குழுவாகப் புறப்படுவோர் முன்கூட்டியே பதிவு செய்து வைப்புப் பணம் கட்டுவதும், பாதை சேதமடைந்தால் அப்பணம் அந்தப் பிரதேச சபைக்கோ தோட்டத்துக்கோ நேரடியாகச் செல்வதும் நடைமுறைக்கு வர வேண்டும். எந்தப் பாதை எப்போது தாங்கும் என்பதைக் கொழும்பிலுள்ள அலுவலகம் தீர்மானிப்பதை விட, அதில் தினமும் நடக்கும் தோட்ட மக்களின் கருத்தைக் கேட்பதே சரியானது. எல்லாவற்றுக்கும் முன்பாக உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில் மழை கொட்டும் காலம். பாடசாலை விடுமுறையும் கிறிஸ்மஸ் விடுமுறையும் அதற்குள்தான் வருகின்றன. சேற்றைத் தேடிச் செல்லும் அணிகளும் அப்போதுதான் அதிகம். அந்த மாதங்களில் இப்பாதைகளை வெளியார் வாகனங்களுக்கு மூடுவதற்குப் புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டச் செயலாளர்கள் பொலிஸாரோடும் தோட்ட நிர்வாகங்களோடும் கலந்து பேசி, வரும் பருவத்துக்கு முன்பே அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.