போட்டிக்கு முதல் நாள் எழுதும் நன்றி மடல்

நாளை மாலை கொழும்பில் என் முதல் எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக்கலை) போட்டி. வென்ற பிறகு நன்றி சொல்வதுதான் வழக்கம். நான் முடிவு தெரிவதற்கு முன்னரே சொல்லிவிட விரும்புகிறேன். நீங்கள் எனக்குச் செய்தது நாளைய தீர்ப்பால் கூடவோ குறையவோ போவதில்லை.

முதல் நன்றி என்னோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்த அக்காவுக்கு. நான் வலக்கைக்காரி; நாளை எதிரே நிற்கப்போகிறவர் இடக்கைக்காரி. அவருடைய பலமான இடது கால் வீசினால் நேரே என் வலது விலாவுக்குத்தான் வரும். கல்லீரல் இருக்கும் இடம் அது. அங்கே ஒரு உதை சரியாகப் பட்டால், எழும்பு என்று மனம் சொன்னாலும் உடம்பு கேட்காது. எங்கள் ஜிம்மில் இடக்கைக்காரர் ஒருவரும் இல்லை. அக்காவும் என்னைப் போல வலக்கைதான். ஆனாலும் இடக்கைக்காரரைப் போல வலது காலை முன்னே வைத்து, நிலையையே மாற்றிக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றார். பழக்கமில்லாத நிலையில் நின்றதால் அவருக்குத்தான் அடி கூடுதலாக விழுந்தது. தன் ஆட்டத்தை வளர்க்க வேண்டிய மாதங்களில் இன்னொருத்தியின் ஆட்டத்தைப் பழகி எனக்காக ஆடினார். போட்டி விளம்பரத்தில் அவர் பெயர் வராது. அதனால்தான் இதை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

தரைப் பயிற்சியில் என்னோடு உருண்ட தம்பி தங்கைமாருக்கும் நன்றி. பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டினால் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். ‘போதும்’ என்று கையால் தட்டினால் பிடியை விடுவார்கள் என்று நம்பித்தான் கழுத்தைக் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கை ஒருநாளும் பிசகவில்லை. போட்டி நடக்கும் கூண்டு நம்மிடம் இல்லை என்பதால் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து, அதில் என்னை நெருக்கிப் பிடித்து, தப்பும் வழியைக் கண்டுபிடிக்க வைத்தீர்கள்.

எங்கள் பயிற்சியாளர் சேர்! அமெச்சூர் போட்டியில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. நீங்கள் அதைக் கூட்டி, நான் களைத்திருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் களைக்காத புது ஆளை இறக்கிவிட்டீர்கள். நீங்கள் ‘வமட்ட!’ (சிங்களத்தில் ‘இடப்பக்கம்’) என்று கத்தினாலே இப்போது என் கால் தானாக இடப்பக்கம் நகர்கிறது. இடக்கைக்காரரின் பலமான கையிலிருந்து விலகும் வழி அதுதான்.

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு மெத்தைகளைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கும் ஐயாவை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கொழும்புப் புழுக்கத்தில் ஒருவருக்குப் படர்தாமரை வந்தால் ஜிம் முழுக்கப் பரவும், பயிற்சியே நின்றுபோகும். எனக்கு வரவில்லை, ஐயா. மிக்க நன்றி.

அப்புறம் அம்மா. 52.2 கிலோ எடைப் பிரிவு என்றதும் பயந்தது நீங்கள்தான். டொக்டரிடம் என்னைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் கேட்டதும் நீங்கள்தான். கடைசி வாரம் உப்பைக் குறைக்கச் சொன்னபோது, எனக்கு மட்டும் தனியாகச் சமைக்காமல் வீட்டில் எல்லாருக்கும் உப்புக் குறைந்த மீன் குழம்பே வைத்தீர்கள். அப்பாவும் முறைப்பாடு சொல்லாமல் சாப்பிட்டார். காலிமுகத்திடலில் விடியற்காலை நான் ஓடும்போது கடலைப் பார்த்தபடி காத்திருந்ததும் அவர்தான். இன்று காலை தராசு சரியான எடையைக் காட்டியதும் இருவருக்கும்தான் முதலில் சொன்னேன்.

கீழ்மாடி வீட்டுக்காரருக்கு: அதிகாலையில் ஸ்கிப்பிங் கயிற்றுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. வேலைத்தல மேலாளருக்கு: மாலை நேரத்தோடு போக விட்டதற்கு நன்றி.

நாளை மண்டபத்துக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சத்தம் போடுங்கள், பரவாயில்லை. சுற்றுகளுக்கு இடையிலான ஒரு நிமிடம் மட்டும் கொஞ்சம் அமைதியாக இருங்கள். சேரும் அக்காவும் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும்.

அக்கா, உங்கள் போட்டித் திகதி வந்ததும் சொல்லுங்கள். எதிராளி எந்தக் கைக்காரராக இருந்தாலும், அவரைப் போல நிற்கப் பழகிக்கொண்டு வருகிறேன்.