பீன்ஸ் வேகாத விஷயம்

நிபோங் திபால், பினாங்கு, மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, துணிதான் காய மாட்டேன் என்கிறது. பேக்ட் பீன்ஸ் செய்யப் போய், ஸ்லோ குக்கரில் பகல் முழுக்கக் கிடந்தும் காய்ந்த பீன்ஸ் கல்லாட்டம் இருக்கிறது என்று போனில் அலுத்துக்கொண்டாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்க மாட்டாய்.

பீன்ஸ், தக்காளி விழுது, வினிகர், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடிவிட்டாய் அல்லவா? அங்கேதான் காரியம் கெட்டது. புளிப்பு பட்டால் பயறு லேசில் வேகாது. சாம்பாருக்குப் பருப்பு வெந்த பிறகுதானே புளி ஊற்றுகிறேன், பார்த்ததில்லையா? சர்க்கரையும் தாமதப்படுத்தும். இதில் லண்டன் தண்ணீர் வேறு. கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது என்பாயே, அந்தச் சுண்ணாம்புச் சத்து பயறை இறுக்கிப் பிடிக்கும்.

இன்னொன்றைக் கவனமாகக் கேள். காய்ந்த பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. சிவப்பு பீன்ஸில் அதிகம், வெள்ளையில் குறைவு. நன்றாகக் கொதித்தால் போய்விடும்; ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் போகாது, வயிற்றைப் புரட்டும். அதனால் எதில் வேகவைத்தாலும் முதலில் அடுப்பில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்.

சரி, நான் செய்கிற விதம். சின்ன வெள்ளை பீன்ஸ் 500 கிராம். அங்கே ஹாரிகோ (haricot) என்று கேட்டு வாங்கு. வருஷக்கணக்கில் கடையில் கிடந்த சரக்கு என்ன செய்தாலும் மசியாது. 2 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டு ராத்திரியே ஊறவை. உப்பு போட்டால் வேகாது என்று அப்பாயி சொல்வார், அதை நம்பாதே. தோல் இன்னும் மிருதுவாகத்தான் ஆகும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் கொதிக்கவிடு. அப்புறம் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். உன் ஊர்த் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்துக்கொள், மிஞ்சினால் சோப்பு வாடை அடிக்கும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். ஆகவில்லையா, இன்னும் கொஞ்ச நேரம் விடு. வெந்த தண்ணீரை எடுத்து வை.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு பெரிய வெங்காயம், காய்ந்த மிளகாய் இரண்டு, கடுகுத்தூள், தக்காளி விழுது, கறுப்பு கிச்சாப் (சோயா சாஸ்தான்), இனிப்பு. மூடி போட்ட சட்டியில், பீன்ஸ் முங்குகிற அளவு அந்தத் தண்ணீரை ஊற்றி, ஓவனில் 150 டிகிரியில் மூன்று மணி நேரம். நடுவில் வற்றினால் ஊற்று. கடைசி அரை மணி நேரம் மூடியை எடுத்துவிடு. முதலில் வேகவிடாமல் தடுத்த அதே புளிப்பும் இனிப்பும்தான், இப்போது இத்தனை நேரம் சூட்டில் கிடந்தும் பீன்ஸ் குழையாமல் காக்கிறது.

இனிப்புக்கு அமெரிக்காவில் பாஸ்டன்காரர்கள் மொலாசஸ் ஊற்றுவார்கள். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புப் பாகு. கரீபியன் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. நம்ம ஊர்ப் பக்கமும் ரப்பருக்கு முன்னால் கரும்புதான், தெரியுமா? புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருந்த காலத்தில், நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்தக் கரும்புத் தோட்டங்களில்தான் இறக்கினான். அந்தப் பாகை நான் தேடி அலைவதில்லை, குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் போதும். நீ அங்கே பிளாக் டிரீக்கிள் வாங்கிக்கொள், அதுவும் அதே மாதிரிக் கறுப்புப் பாகுதான், ஆனால் மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கசக்கும். பாஸ்டனில் உப்புக்கண்டமாகப் பன்றிக் கொழுப்பும் போடுவார்கள். நம் வீட்டுச் சட்டியில் அது கிடையாது; எதிர்வீட்டு மலாய் அம்மா, நம்ம மாக்சிக்குக்கும் ஒரு கிண்ணம் போகுமே, அவர் பன்றி சாப்பிட மாட்டார்.

மறுநாள் சூடாக்கினால் இன்னும் ருசி. முட்டை பொரித்து ரொட்டியோடு சாப்பிடு. மிச்சத்தைப் பங்கு பிரித்து ஃப்ரீசரில் வை, வேலை முடிந்து வரும் ராத்திரிகளுக்கு ஆகும்.

அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கடையில் விற்கிற கோழி மார்க் பேக்ட் பீன்ஸ் டின்னைத் திறந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கினால்தான் அவருக்கு பீன்ஸ். அவருக்கென்று தனியாக இரண்டு டின் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா