கிமோனோ கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஜப்பானிலிருந்து ஈரோடு வந்து சேர்ந்தோம். விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்தது, இப்போது தேவலை. ஒசாகாவில் தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். கொஞ்சம் இளைத்திருக்கிறான், கேட்டால் இல்லவே இல்லை என்கிறான்.

நீ கேட்ட கிமோனோவை வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி. ஹால் சுவரில் மாட்ட வேண்டும், முதுகுப் பக்கம் பெரிய பூ வேலை தெரிய வேண்டும் என்று போனில் சொன்னாய். அந்த மாதிரி நிறையவே கிடைத்தது, கையில் எடுத்தும் பார்த்தேன். ஆனால் உனக்கு வாங்கி வந்திருப்பது ஒரு ஹவோரி. கிமோனோவுக்கு மேலே போட்டுக்கொள்கிற, இடுப்புக்குக் கீழே இறங்குகிற பட்டு மேலங்கி. பழசு. யாரோ போட்டுக் கழித்தது.

முதலில் தம்பி எங்களைக் கியோட்டோவில் கியோமிசு கோயிலுக்குப் போகிற ஏற்றத்துக் கடைகளுக்குத்தான் கூட்டிப் போனான். வாசலிலேயே வரிசையாகத் தொங்குகிறது. பளபளவென்று, முதுகில் டிராகன், கொக்கு, ஃபூஜி மலை. தொட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, கழுத்து லேபிளைத் திருப்பினால் நூறு சதம் பாலியஸ்டர். குளித்துவிட்டு மேலே போடுகிற கவுன் அது, கிமோனோ என்று பேர். மெஷின் தையல், கைக்குழி ரவுண்டாக வெட்டியது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றேன். தம்பி சிரித்துவிட்டு, "அப்படின்னா 25-ஆம் தேதி வரைக்கும் பொறும்மா" என்றான்.

கியோட்டோவில் கிதானோ தென்மாங்கு என்று ஒரு கோயில். சுகவாரா நோ மிச்சிசானே என்ற படித்த மனிதர் 903-இல் செத்துப்போனபின் அவரைக் கல்விக்குத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே படுத்திருக்கிற மாட்டுச் சிலையின் தலையைத் தடவிவிட்டுப் போகும். நானும் குட்டிக்காக ஒரு தடவை தடவினேன், அவளிடம் சொல்லிவிடு. மாதாமாதம் 25-ஆம் தேதி கோயிலைச் சுற்றிச் சந்தை. 21-ஆம் தேதி தோஜி கோயிலில் இதேபோல ஒன்று உண்டாம், அன்று மழை, போகவில்லை.

கிதானோவுக்குப் பக்கத்திலேயேதான் நிஷிஜின், பட்டு நெசவுக்காரர்களின் பகுதி. ஆனால் சந்தையில் இருப்பதெல்லாம் வீடுகளிலிருந்து வந்த பழைய துணி. சில கடைகளில் தரையில் விரிப்பைப் போட்டுக் குவித்திருக்கிறார்கள், எதை எடுத்தாலும் 1,000 யென். நம் காசுக்கு ஏறக்குறைய அறுநூறு ரூபாய். சுத்தமான பட்டு, கண்ணு! நம்ப முடியாமல் ஒன்றின் உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், விற்கிற அம்மா முறைத்தாள்.

ஏன் இவ்வளவு மலிவு என்று தம்பியைக் கேட்டேன். புதுப்பட்டில் தைக்கக் கொடுத்தால் லட்சக்கணக்கான யென் ஆகிறது. ஆனால் கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கல்யாணம், இருபது வயது விழா, குழந்தைகளுக்கு மூன்று, ஐந்து, ஏழு வயதில் கோயிலுக்குக் கூட்டிப்போவது, அவ்வளவுதான். அதற்கும் பாதிப்பேர் வாடகைக்கு எடுக்கிறார்கள். பாட்டி போனதும் அலமாரியைக் காலி செய்யும்போது வியாபாரி மூட்டையாக வாங்கிப்போகிறான்.

இதைக் கேட்டதும் அப்பா பின்வாங்கிவிட்டார். "செத்தவங்க துணியா? எம் பொண்ணுக்கு வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். நம் வழக்கம் அவருக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் அப்பாயியின் கூறைப்புடவை இன்றைக்கும் எங்கள் பீரோவில்தானே இருக்கிறது? அதை யாரும் ஆற்றில் விடவில்லை. அங்கேயும் இறந்தவரின் நல்ல கிமோனோக்களைச் சொந்தக்காரர்கள் பங்கிட்டு எடுத்துக்கொண்டு கட்டுகிற வழக்கம் உண்டு. மிச்சம்தான் சந்தைக்கு வருகிறது. இதைச் சொன்னபிறகு அப்பா ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கறுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது என்பதை அங்கேதான் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண், கரிக்கறுப்பில் வேலைப்பாடே இல்லாத ஒரு கிமோனோவைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில், தோளில், கையில் என்று ஐந்து இடத்தில் சின்ன வெள்ளை வட்டக் குறி. அழகாகத்தான் இருந்தது. விற்கிற அம்மா ஓடிவந்து, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடித் தலையைக் குனிந்து காட்டினாள். சாவுக்குக் கட்டுவது. அந்தப் பெண் சட்டென்று கழற்றிவிட்டாள். இதே கறுப்பில், இதே ஐந்து குறியோடு, கீழ்க்கரையில் மட்டும் பூ வேலை இருந்தால் அது கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண்ணின் அம்மாக்கள் கட்டுவது. கரையைப் பார்க்காமல் கறுப்பை வாங்கவே கூடாது.

நீ சுவரில் மாட்டக் கேட்டது பெரும்பாலும் கல்யாணப்பெண் எல்லாவற்றுக்கும் மேலே போடுகிற அங்கியாக இருக்கும். கீழ்க்கரையில் பஞ்சு வைத்து உருட்டித் தைத்திருப்பார்கள், தரையில் புரள. தூக்கவே கை வலிக்கிறது. அதைக் கொண்டுபோய் உன் டப்ளின் வீட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் என்ன ஆகும்? வெளிச்சம் படப்படப் பட்டு நிறம் போகும், தோள் மடிப்பில் இழை விடும். துணியை ஆணியில் மாட்டி வைக்க எனக்கு மனசு வராது. நான் தையல்காரி, என்னிடம் இதை எதிர்பார்க்காதே.

சரி, கட்டிக்கொள்ள என்று ஒரு கிமோனோ வாங்கியிருக்கலாமே என்பாய். அதற்கு உள்ளே ஒரு அங்கி, மேலே இடுப்பில் சுற்றிக் கட்ட நாலு மீட்டர் ஒபிப் பட்டை, அதை நிறுத்த அட்டை, கயிறு, பட்டை என்று ஒரு பெட்டிச் சாமான் வேண்டும். கட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடமே அங்கே இருக்கிறது. இடது பக்கம்தான் மேலே வர வேண்டும், மாறிவிட்டால் பிணத்துக்குக் கட்டுகிற முறை. நீ ஒரு நாள் போட்டோ எடுத்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். ஹவோரிக்கு இந்த வம்பு ஒன்றும் இல்லை. முன்னால் திறந்தே தொங்கும், நெஞ்சுக்கு நேரே ஒரு சின்னக் கயிறு, அவ்வளவுதான். ஜீன்ஸுக்கு மேலே போடலாம், ஆபீஸுக்கே போட்டுப் போகலாம்.

இனி உன் ஹவோரியைப் பற்றி. இது மெய்சென் பட்டு. 1920, 30-களில் நடுத்தர வீட்டுப் பெண்கள் தினப்படி உடுத்தியது, இசெசாக்கி, சிச்சிபு போன்ற ஊர்களில் நெய்தது. நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலைத் தளரக் கோத்து, அதன்மேல் அச்சு வைத்துச் சாயம் போட்டு, பிறகு இறுக்கி நெய்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பூவின் ஓரமும் லேசாகக் கலைந்தாற்போல் இருக்கும், மங்கிய அச்சு என்று நினைத்துவிடாதே. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறம். கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளை அம்பு இறகுகள் வரிசையாக. எய்த அம்பு திரும்பி வராது என்று, கல்யாணமான பெண்ணும் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வராமல் இருக்கட்டும் என்று, இந்த இறகு போட்ட துணியைப் பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புவார்களாம் அந்தக் காலத்தில். தம்பி சொன்னதும் ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் அந்த நிறம் என்னை விடவில்லை. அந்த அர்த்தத்தில் உனக்கு நான் கொடுக்கவில்லை, நீ நினைத்தபோது வா.

விலை 3,000 யென். குவியலில் கிடந்தது அல்ல, தனியே ஹேங்கரில் இருந்தது. நான் பார்த்ததை எல்லாம் சொல்கிறேன், அடுத்த முறை நீயே தம்பி வீட்டுக்குப் போகும்போது உதவும். முதலில் மூக்கு. பூச்சி உருண்டை வாசம் போகும், பூஞ்சை வாசம் போகாது. அடுத்து உள்துணி. மேலே தெரியாத கறை அங்கே பழுப்புப் புள்ளியாகத் தெரியும். கழுத்துப்பட்டியின் உள்மடிப்பு, கைமுனை இரண்டும்தான் முதலில் அழுக்கேறும் இடம். முதுகுத் தையலை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் நைந்த பட்டு உடனே வாய்விடும். உள்ளே ரத்தச் சிவப்பில் பட்டு வைத்திருந்தால் மிகப் பழையது, தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும். ஓரங்களில் லேசாக ஓட்டிய வெள்ளை நூல் பிரிக்காமலே இருந்தால் அதைப் பெரும்பாலும் யாரும் போட்டதே இல்லை. உன்னுடையதில் அந்த நூல் இல்லை, போட்டிருக்கிறார்கள். அக்குளுக்குக் கீழே ஒரு திறப்பு இருக்கும், கிழிசல் என்று ஊசி எடுத்துவிடாதே. பெண்கள் துணியில் அப்படித்தான் விடுவார்கள்.

என்னை மயக்கியது வெட்டுதான். ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலத்தில் 12 மீட்டர் துணி ஒரு சுருள், ஒரு கிமோனோவுக்கு அதுதான் கணக்கு. எல்லாம் நேர்வெட்டு. ரவுண்டு கிடையாது, கட் பீஸ் மிஞ்சாது. அதிகத் துணியை வெட்டி எறியாமல் உள்ளேயே மடித்துவிடுகிறார்கள். கையால் ஓட்டிய தையல், நூலை உருவினால் மறுபடி நீளத்துணி. அப்படிப் பிரித்து, துணியாகவே அலசி விறைப்பேற்றி, திரும்பத் தைப்பது அவர்கள் வழக்கம். என் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்கு விழுகிற துண்டுத்துணியை நினைத்து வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் அதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தார். முகர்ந்தே பார்த்துவிட்டேன். பட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்க மஞ்சளில் சாயமேற்றிய பருத்தித் துணியில் சுற்றி வைப்பது அங்கேயும் பழக்கமாம். அப்பா அப்போதுதான் வாயைத் திறந்து, "பரவாயில்லையே, நம்மாளுங்கதான்" என்றார்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீரில் போடாதே, வாஷிங் மெஷின் பக்கமே கொண்டுபோகாதே. போட்டுக் கழற்றினால் நிழலில் ஒரு நாள் காற்றாட விடு. அயர்ன் வேண்டுமென்றால் மேலே ஒரு துணி போட்டு, தண்ணீர் தெளிக்காமல், சூடு குறைத்து. தையல் கோட்டிலேயே மடித்தால் சுருக்கம் விழாது. பூச்சி உருண்டையும் கற்பூரமும் ஒன்றாக வைக்காதே, இரண்டும் சேர்ந்து கரைந்து பட்டில் கறையாகிவிடும்.

ஒரே ஒரு வேலை பாக்கி. அந்தக் காலத்துப் பெண்கள் சின்ன உருவம், துணியின் அகலமும் குறைவு. அதனால் கை உனக்குச் சின்னதாக வரலாம். தோள் தையலுக்குள் இரண்டு பக்கமும் கொஞ்சம் துணி மடிப்பில் இருக்கிறது, பிரித்து விடலாம். பழைய மடிப்புக்கோடு கொஞ்சம் தெரியும், பரவாயில்லை. கையைப் பக்கவாட்டில் பாதி தூக்கி, பின்கழுத்து எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளக்க வேண்டும். இதில் 62 சென்டிமீட்டர் இருக்கிறது. உன் சிநேகிதியின் அம்மா இருபதாம் தேதி கிளம்புகிறார்களாம், கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் அளவு வர வேண்டும். நீயே அளந்துகொள்ளாதே, மாப்பிள்ளையை அளக்கச் சொல். இஞ்சா சென்டிமீட்டரா என்று எழுதாமல் வெறும் நம்பரை அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அம்மா